அசதி வேறு, தூக்கமின்மை வேறு

காலை 4 மணி வாக்கில் முழிப்பு வந்துவிடும். கண் திறந்ததும் முதல் வேலையாக விரல்களை மடக்கிப் பார்ப்பேன். மடங்காது. மாவு பிசைந்த கையைக் கழுவாமல் காயவிட்டால் எப்படி இறுகுமோ அந்த இறுக்கம் மூட்டுக்கு உள்ளே இருக்கும். வெந்நீரில் வைத்து, நீவி, மெதுவாக மடக்கி விரித்து, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கழித்துக் கத்தரிக்கோலைப் பிடித்துப் பால் பாக்கெட்டை வெட்ட முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று வைத்துக்கொள்வேன்.

எனக்குச் சரவாங்கி. மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், எழுத்தில் முடக்குவாதம் என்று இருக்கும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது சரவாங்கிதான். 2019 கடைசியில் கண்டுபிடித்தார்கள், அப்போது எனக்கு 38 வயது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நோயைப் பற்றி யார் கேட்டாலும் மூட்டு வலியைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் என்னை உண்மையில் படுத்தி எடுத்தது வலி இல்லை. தூக்கமும் அசதியும்தான். அவை இரண்டையும் ஒன்று என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு, அதில் முழுசாக மூன்று வருஷம் போய்விட்டது.

களைப்பு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் மூன்று நாள் ஓடியாடினால் வருவது களைப்பு. ஒரு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழுந்தால் போய்விடும். நோயில் வரும் அசதி அப்படி இல்லை. எதுவுமே செய்யாத நாளிலும் வரும், எட்டு மணி நேரம் தூங்கிய மறுநாளும் வரும். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது கை தானாகக் கீழே இறங்கிவிடும், துண்டைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன், பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியாது. பத்தாம் வகுப்புக்குத் தேற்றத்தை பாதி எழுதிவிட்டு அடுத்த வரி என்ன என்று மறந்து நின்றிருக்கிறேன். இருபது வருஷமாக நடத்தும் பாடம் அது.

இதை வீட்டில் சொல்லிப் புரியவைப்பது சுலபம் இல்லை. கை வீங்கியிருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அசதி வெளியே தெரியாது. மாமியார் நல்லவர், என்மேல் பிரியம் உள்ளவர்தான், ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் படுத்திருந்தால் "எழுந்து நாலு வேலை பார்த்தா சரியாயிடும்மா, படுக்கப் படுக்க உடம்பு படுக்கையத்தான் கேக்கும்" என்பார். அப்போது எனக்கு அழுகையாக வரும். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி என்று புரிய வெகுநாள் ஆனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அசதியாக இருக்கிறதா, அதிக நேரம் படுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 11 மணிக்குப் படுத்துக்கொண்டிருந்தவள் 9 மணிக்கே படுக்கப் போனேன். சனி ஞாயிறில் மத்தியானம் இரண்டு மணி நேரம் படுத்தேன். பள்ளி விட்டு வந்ததும் ஒரு தடவை. என்ன ஆனது என்றால், ராத்திரி 9 மணிக்குப் படுத்துப் பதினொன்றரை வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், 2 மணிக்கு முழித்துக்கொள்வேன், புரண்டு படுத்தால் தோள் வலிக்கும், மறுபடி 3 மணிக்குக் கண் அயரும், 4 மணிக்கு விரல்கள் எழுப்பிவிடும், ஐந்தரை வரை அப்படியே கிடப்பேன். படுக்கையில் இருந்த நேரம் எட்டரை மணி. தூங்கியது ஐந்து மணி இருந்தால் அதிகம். தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் சக்தியும் குறையும், வலி கூடினால் தூக்கம் இன்னும் குறையும், இரண்டுக்கும் நடுவில் அசதி ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுற்றிலிருந்து வெளியே வரும் வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு மருந்துக் கடையில் தூக்கத்துக்கு மாத்திரை கேட்டேன், அல்பிரசோலம் 0.25 கொடுத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை அது, கேட்டிருக்கவும் கூடாது. முதல் இரண்டு வாரம் சொர்க்கமாக இருந்தது. அப்புறம் பழையபடி 3 மணிக்கு முழிப்பு, கூடவே பகல் முழுக்க மந்தம். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினேன், அடுத்த நாலு ராத்திரி கொஞ்சமும் கண் மூடவில்லை. இந்த வகை மாத்திரையை நாள்பட எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிடக் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போய்ச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

2022-இல் தஞ்சாவூரில் வேறு ஒரு மூட்டுவாத மருத்துவரிடம் மாறினேன். அவர் என் விரல்களைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்பது. அதுவரை யாரும் நேரத்தைக் கேட்டதில்லை. எத்தனை வேளை என்றுதான் கேட்பார்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்தேன், வயிறு நிறைய இருந்தால் எரிச்சல் வராது என்று. அதுவே தூக்கத்தைக் கெடுக்கும் என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பின்னால் மாற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது நடுராத்திரி வாக்கில் மிகக் குறைவாக இருந்து, விடியும் நேரத்தில் ஏறி, நம்மை எழுப்பிவிடுகிறது. நாம் விழுங்கும் ஸ்டீராய்டு அதன் உறவுதான். ராத்திரி அதைப் போட்டால் உடம்புக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. 1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், அதே வகையைச் சேர்ந்த கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் சரவாங்கியால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குப் போட்டார், சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-இல் அந்த வேலைக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு அதற்கு முந்தைய ராத்திரிகள் எப்படிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்த 4 மணி விறைப்புக்கும் விடை அங்கேதான் இருந்தது. ராத்திரி கார்ட்டிசால் குறைந்திருக்கும் நேரத்தில் வீக்கத்தை உண்டாக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருட்கள் ஏறுகின்றன, விடியற்காலையில் உச்சத்துக்குப் போகின்றன. ஆக அந்த நேரத்தில் முழிப்பு வருவது என் மனசின் பலவீனம் இல்லை, கவலை அதிகம் என்பதாலும் இல்லை, உடம்புக்குள் ஓடும் ஒரு கடிகாரம். இது தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை.

மெத்தோட்ரெக்சேட் விஷயமும் அப்படித்தான். சரவாங்கியை அடக்க வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை அது. (தினமும் போடும் மாத்திரை என்று நினைத்துப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் எங்கள் வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.) ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முழுக்க குமட்டலும் தலை கனமும், வாரத்தின் முதல் நாளே படுத்துவிடும். டாக்டரிடம் கேட்டு வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாற்றினேன். அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே போடும் ஃபோலிக் ஆசிட் எந்தெந்த நாள் என்பதையும் அவரே எழுதிக்கொடுத்தார். சனிக்கிழமை எனக்கு இப்போது படுக்கும் நாள், வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அன்று யாரும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. ஒரே மாத்திரை, ஒரே அளவு, கிழமை மட்டும்தான் மாறியது.

அப்புறம் ரத்தம். ஹீமோகுளோபின் 9.6 இருந்தது, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. இரும்பு மாத்திரை ஏற்கெனவே எத்தனையோ மாதம் சாப்பிட்டேன், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் ஆயிற்று, ஏறவே இல்லை. வீக்கம் உள்ள உடம்பில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கும், அது குடலிலிருந்து இரும்பை ஏறவிடாது, ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. பணம் பெட்டியில் இருக்கிறது, சாவி இல்லை. நோயை அடக்கும் மருந்தைச் சரியான அளவுக்கு உயர்த்திய பிறகுதான் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. தைராய்டும் பி12-உம் பார்த்தார்கள், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் அசதி என்று சொல்லும் யாருக்கும் இந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் சரவாங்கி தலையில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே வேறு ஒரு காரணம் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது நடக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு அசதி பாதியாகக் குறைந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. அப்போதுதான் இரண்டும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது. தூக்கம் கெட ஆரம்பித்ததற்குக் காரணம் நோய், ஸ்டீராய்டு, வலி, சரி. ஆனால் அது கெட்டதாகவே நிலைத்துப்போனதற்குக் காரணம் நானே பழகிக்கொண்ட பழக்கம், அதிக நேரம் படுக்கையில் கிடந்தது. மாமியார் சொன்னதில் சரியான பாதி அதுதான்.

டாக்டர் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மனநல மருத்துவர் என்றதும் வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. கணவர்தான், "தூக்கத்துக்குத்தானே, போயிட்டு வருவோம்" என்றார். அங்கே கொடுத்தது மாத்திரை இல்லை, ஒரு நோட்டு. இரண்டு வாரம் தினமும் எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், எத்தனை தடவை முழித்தேன், எப்போது எழுந்தேன் என்று எழுதச் சொன்னார். நான் கணக்கு டீச்சர், அந்த வேலை எனக்குப் பிடித்தது. படுக்கையில் 510 நிமிஷம், தூங்கியது சராசரியாக 310. நூற்றுக்கு 61. 85 வரவேண்டும் என்றார்.

சிபிடி-ஐ என்று சொல்கிறார்கள், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதில் முக்கியமான பகுதி இரண்டு. ஒன்று, 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சொன்னது: படுக்கை தூங்க மட்டும், தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும், தூக்கம் கண்ணைச் சொருகும்போதுதான் திரும்ப வரவேண்டும். இன்னொன்று, படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைப்பது. எனக்கு ராத்திரி பதினொன்றரை முதல் காலை 5 வரை மட்டும் என்று விதித்தார். ஐந்தரை மணி நேரம். அசதியில் செத்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துக் குறைவாகப் படு என்றால் எப்படி இருக்கும்? முதல் வாரம் நரகம். சாயங்காலம் 8 மணிக்கு நின்றுகொண்டே தூங்கினேன். நான் வண்டி ஓட்டுவதில்லை, பஸ்ஸில்தான் போகிறேன், அதனால் தைரியமாகச் செய்தோம். வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், பைபோலார் என்ற இருமுனை மனநோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே செய்யக்கூடாது.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி படுத்தேன், விடிந்தது. நடுவில் ஒன்றும் ஞாபகம் இல்லை. எழுந்து உட்கார்ந்து கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன். அதன்பின் வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டிக்கூட்டி, இப்போது பத்தரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுகிறேன்.

புத்தகத்தில் இருக்கிறபடியே நமக்குச் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துபோ என்பது ஆரோக்கியமானவருக்குச் சொல்வது. விறைத்த முழங்காலோடு இருட்டில் எழுந்து நடப்பது எனக்கு ஒரு பெரிய வேலை, விழுந்தும் வைக்கலாம். அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மரச் சாய்வு நாற்காலியைப் போட்டோம். அதில் ஒரு போர்வை, ஒரு பிளாஸ்கில் வெந்நீர், சின்ன மஞ்சள் விளக்கு. முழிப்பு வந்தால் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, அவ்வளவுதான். மூட்டு வீங்கிக் கொதிக்கும் நாட்களில் இந்தக் கணக்கு எதையும் பார்ப்பதில்லை, உடம்பு கேட்கும் நேரத்துக்குப் படுக்கிறேன், வீக்கம் அடங்கியதும் பழையபடி நேரத்துக்கு வந்துவிடுகிறேன். மத்தியானத் தூக்கத்தை முழுக்க விடச் சொல்கிறார்கள், என்னால் முடியவில்லை. 20 நிமிஷம், 3 மணிக்கு முன்னால், அலாரம் வைத்து. அதை டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

காபி. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாயங்கால காபியை விடுவது என்ன கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. குடித்த காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறதாம். 6 மணி காபி 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் காபி இல்லை என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் சுக்குத் தண்ணீர். இன்னும் பழகவில்லை, ஆனால் பலன் இருக்கிறது.

அசதிக்கு வேறு வழி. அது முழுசாகப் போகாது என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதைச் சமாளிக்கவே முடிந்தது. முன்பெல்லாம் நன்றாக இருக்கும் நாளில் வீட்டை ஒட்டடை அடித்து, பீரோவை ஒழுங்கு செய்து, மாவு அரைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பேன். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. இப்போது நல்ல நாளிலும் பாதியில் நிறுத்துகிறேன். களைத்த பிறகு உட்காருவதைவிட களைப்பதற்கு முன்னால் உட்கார்ந்தால் பத்து நிமிஷம் போதும். காய் உட்கார்ந்துதான் நறுக்குகிறேன், கிரைண்டர் கல்லைத் தூக்குவதை விட்டுவிட்டுக் கடையில் மாவு வாங்குகிறேன். பள்ளியில் தலைமையாசிரியையிடம் போய் என் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேட்கத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆனது. கேட்ட அன்றே மாற்றிக் கொடுத்தார். அந்த ஒரு வருஷம் தினமும் ஆறு தடவை மாடி ஏறி இறங்கியதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

நடப்பது முதலில் நம்பமுடியாததாக இருந்தது. அசதியாக இருப்பவரைப் போய் நட என்பதா? ஆனால் சரவாங்கி அசதிக்கு மருந்து இல்லாத வழிகளில் பலன் தருவதாக ஆய்வுகளில் தெரிந்தவற்றில் உடற்பயிற்சி முக்கியமானது. சாயங்காலம் மகாமகக் குளத்தின் ஒரு கரை மட்டும் நடந்தேன், முதல் மாதம் அவ்வளவுதான். பிறகு இரண்டு கரை. இப்போது ஒரு முழுச் சுற்று, நடுவில் ஒரு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து எழுந்து. கூட மகள் வருவாள், அவள் கதை சொல்லிக்கொண்டே வருவாள், தூரம் தெரியாது.

மாமியார் விஷயம் ஒன்று. நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து ஒருநாள் அவர், "நானுந்தாம்மா ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன், யாருகிட்ட சொல்ல" என்றார். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. அவர் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தால், ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை, அதை ராத்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய டாக்டரிடம் கேட்டோம், காலைக்கு மாற்றினார். இப்போது ஒரு தடவைதான் எழுகிறார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் படுத்திருந்தால் அவர் ஒன்றும் சொல்வதில்லை, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிறார்.

வேறு நோய் உள்ளவர்களுக்கு வேறு காரணம் இருக்கும். சர்க்கரை ஏறினால் ராத்திரி அடிக்கடி சிறுநீர் போகும், சர்க்கரை இறங்கினால் வியர்த்துப்போய் முழிப்பு வரும். டயாலிசிஸ் செய்பவர்களில் பலருக்குப் படுத்ததும் கால் சும்மா இருக்காது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், அதற்குப் பெயரும் சிகிச்சையும் உண்டு. ஆஸ்துமா விடியற்காலையில் கூடும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினாலும் பகலில் அசதியாகத்தான் இருப்பார்கள், அதற்குப் பரிசோதனை இருக்கிறது. எதிலும் ருசி இல்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, விடியுமுன் முழிப்பு வந்துகொண்டே இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். எனக்கும் 2021-இல் அப்படி ஒரு ஐந்தாறு மாதம் இருந்தது, அப்போது யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்கும்போது, தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் முதல் வாரம் தஞ்சாவூர் போக வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, ஸ்டீராய்டை 5 மில்லிகிராமிலிருந்து இரண்டரைக்குக் குறைக்கலாமா என்று. இரண்டாவது, நான் இப்போது குறட்டை விடுகிறேன் என்று கணவர் சொல்கிறார், அதைப் பரிசோதிக்க வேண்டுமா என்று.